கோழித் தீவன ஆராய்ச்சியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வரும். தீவனம் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு கட்டுரை அசோலா என்ற நீர்ச்செடி பிரமாதம் என்கிறது, இன்னொன்று பெரிய பயன் இல்லை என்கிறது. எதை நம்புவது? நம்பியதை எப்படி எளிமையாகச் சொல்வது?

பதில்:

நல்ல வேலை, செய்யுங்கள். ஆனால் கட்டுரைகளில் தொடங்க வேண்டாம். முதலில் அட்டவணைகளைப் படியுங்கள்.

ஒரு கட்டுரை என்பது ஓர் இடத்தில், ஒரு பருவத்தில், ஓர் இனக் கோழியை வைத்துச் செய்து பார்த்த ஒரு சோதனை. அப்படி எத்தனையோ சோதனைகளைச் சலித்து, எந்த வயதுக் கோழிக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கால்சியம் வேண்டும் என்று அட்டவணைகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட, கோழிகளின் சத்துத் தேவை பற்றிய புத்தகத்தின் (நியூட்ரியன்ட் ரிக்வயர்மென்ட்ஸ் ஆஃப் பௌல்ட்ரி) ஒன்பதாம் பதிப்பு இன்றும் தீவனக்காரர்கள் கையில் இருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். நம் நாட்டில் கடைத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1374 என்ற தரக்குறிப்பு உண்டு. 1994-ஆம் ஆண்டுப் புத்தகம் பழசாகிவிடவில்லையா என்று யாராவது கேட்பார்கள். பிராய்லர் பகுதி பழசாகிவிட்டது, உண்மை. இன்றைய பிராய்லர் அன்றைய பிராய்லரே இல்லை. மெதுவாக வளரும் கோழிக்கும் முட்டைக் கோழிக்கும் அந்தக் கணக்கு இன்னும் வழிகாட்டும்.

அந்தப் புத்தகத்தில் முட்டைக் கோழிகளுக்கான அட்டவணையை முதலில் பாருங்கள். வெள்ளை முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் எத்தனை சதவீதம் புரதம் வேண்டும் என்ற இடத்தில் ஒரு எண் இருக்காது, மூன்று எண்கள் இருக்கும். கோழி ஒரு நாளைக்கு 80 கிராம் தின்றால் 18.8 சதவீதம், 100 கிராம் தின்றால் 15 சதவீதம், 120 கிராம் தின்றால் 12.5 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஒன்றுதான்: நாளைக்கு 15 கிராம் புரதம். கால்சியமும் அப்படியே. 4.06, 3.25, 2.71 என்று மூன்று சதவீதங்கள், எல்லாமே நாளைக்கு 3.25 கிராம்.

உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. கோழிக்குச் சதவீதம் தெரியாது. அதன் உடம்புக்கு வேண்டியது கிராம். எந்தக் கட்டுரையில் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும், அதை ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்னும் அளவால் பெருக்கிக் கிராமாக்குங்கள். அந்தக் கிராமை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். இதைச் செய்தாலே நாம் அன்றாடம் கேட்கும் கோழித் தீவன அதிசயங்களில் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் முட்டை குறைவதற்கும் ஓடு மெலிவதற்கும் இதே கணக்கில் ஒரு காரணம் கிடைக்கும். வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொண்டு தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். மார்கழியில் சரியாக இருந்த அதே கலவை கோடையில் புரதத்திலும் கால்சியத்திலும் பற்றாமல் போகிறது. தீவனம் கெட்டுவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பும். பல நேரம் கோழி தின்றது குறைந்ததுதான் காரணம். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் வைப்பது, கலவையைக் கொஞ்சம் செறிவாக்குவது என்ற யோசனையெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அடுத்தது, எந்தக் கோழி என்ற கேள்வி. மேலே சொன்ன 15 கிராம், ஏறக்குறைய தினமும் முட்டையிடும் லெக்ஹார்ன் கோழிக்கு. நம் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடையில் உட்காரும், குஞ்சோடு திரியும், பிறகுதான் அடுத்த ஈடு. முட்டையும் சிறியது, உடம்பும் சிறியது. அதற்கு அந்த அளவு தேவையே இல்லை. குஞ்சுகளுக்கோ கணக்கு வேறு. அதே அட்டவணையில் முட்டை இனக் குஞ்சுக்கு முதல் ஆறு வாரம் 18 சதவீதப் புரதம், அடுத்த ஆறு வாரம் 16, அதற்கடுத்து 15. பிராய்லர் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 23. ஆகவே “கோழிக்கு 23 சதவீதப் புரதம் வேண்டும் என்று ஆராய்ச்சி சொல்கிறது” என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. வேறு கோழியைப் பற்றிய உண்மை, அவ்வளவுதான். நாட்டுக்கோழிக்காரர் அதை நம்பிப் பிராய்லர் தீவன மூட்டையை வருடம் முழுக்க வாங்கினால் காசுதான் கரையும்.

இந்தக் குழப்பம் காசோடு போகாத ஓர் இடம் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வளரும் குஞ்சுக்கு வேண்டியது 0.8, 0.9 சதவீதம்தான். தாயும் குஞ்சும் ஒரே தட்டில் தின்னட்டும் என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் கெடும், உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் உப்பு படியும். குஞ்சு செத்த பிறகு அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் முதலில் சொல்ல வேண்டிய செய்தி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கால்சியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம். ஆராய்ச்சி தெளிவாகவும், வீட்டில் உடனே செய்யக்கூடியதாகவும் இருக்கும் விஷயம் இது.

கடையில் வாங்கும் அளவுள்ள ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2.2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்ற கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது என்பதால்தான் தேவை 3.25 கிராம், சில பரிந்துரைகளில் 4 கிராம் வரை. இப்போது கேழ்வரகை எடுத்துக்கொள்வோம். கேழ்வரகில் கால்சியம் அதிகம், அதனால் முட்டைக்கோழிக்குக் கேழ்வரகு போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். தானியங்களில் அது அதிகம்தான். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். மனிதர்களுக்கு அது நல்ல அளவு. கோழிக்கு வேண்டியது 3,250 மில்லிகிராம். நாள் முழுக்கக் கேழ்வரகை மட்டுமே தின்றாலும் தேவையில் ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும். மாறாகக் கிளிஞ்சல் தூளில் 38 சதவீதம் கால்சியம். 10 கிராம் கிளிஞ்சலில் 3.8 கிராம் வந்துவிடுகிறது. முட்டை ஓடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வறுத்து, நொறுக்கிப் போட்டால் போதும்.

எப்போது வைப்பது என்பதிலும் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும். அதில் பெரும்பகுதி நேரம் ஓடு கட்டுவதற்கே போகும், அந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். இரவில் கோழி தின்னாது. அப்படியானால் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? ஒன்று, கோழி தன் எலும்புக்குள் சேமித்து வைத்திருப்பதிலிருந்து. இன்னொன்று, சாயங்காலம் தின்று வயிற்றில் கிடப்பதிலிருந்து. பிரான்சில் மொன்ஷான், சோவர் என்ற இருவர் கால்சியத்தைத் தனியாக வைத்து, கோழி எப்போது எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து 1974-இல் வெளியிட்டார்கள். ஓடு கட்டப்போகும் நாளில் கோழி பிற்பகலிலும் சாயங்காலத்திலும் தேடிப் போய்க் கால்சியத்தைத் தின்றது. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்து வெளியேறிவிடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகள் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்பதும் பல சோதனைகளில் தெரிந்த விஷயம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். கலவையில் கால்சியத்தை ஏற்றாதீர்கள். கிளிஞ்சலை அரிசிக் குருணை அளவுக்கு உடைத்து, ஒரு தனிச் சட்டியில் எப்போதும் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி அதைத் தேடி வரும், அடையில் இருக்கும் கோழியும் சேவலும் அவ்வளவாகச் சீண்டாது. குஞ்சுகளுக்கும் பிரச்சினை இல்லை. பல வயதுக் கோழிகள் ஒன்றாகத் திரியும் நம் வீட்டுக் கொல்லைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கால்சியத்தோடு வெயிலையும் சேர்த்தே பேச வேண்டும். வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. அமெரிக்காவில் ஹியூசர், நாரிஸ் என்ற இருவர் 1929-லேயே சோதித்துப் பார்த்து, நாளைக்கு 11 முதல் 45 நிமிட வெயில் பட்டால் வளரும் குஞ்சுகளுக்கு எலும்பு வளையும் நோய் வராது என்று எழுதினார்கள். குஞ்சுகளைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வளர்ப்பவர்களுக்கு இது பயன்படும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் வராது. மருந்துக்கடையில் வாங்குவதானால் டி3 என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், டி2 கோழிக்குச் சரியாக உதவாது.

சரி, அசோலாவுக்கு வருவோம். இரண்டு கட்டுரைகளும் உண்மையாகவே இருக்கலாம்.

உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் வரை புரதம் இருக்கும், அந்த எண் சரி. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளி வைப்பது பச்சை அசோலா. அதில் 93, 94 சதவீதம் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவில் உலர் பொருள் ஆறேழு கிராம்தான், அதில் புரதம் ஒன்றரை கிராம் அளவுக்கு. 100 கிராம் அசோலா என்பது ஒரு கோழிக்குப் பெரிய குவியல், பாதி தின்றாலே அதிகம். லெக்ஹார்ன் கணக்கில் 15 கிராம் தேவைக்கு எதிரே இது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உலர்த்திப் பொடித்து, தீவனத்தில் 5 சதவீதம் கலந்த கட்டுரையில் நல்ல பலன் வந்திருக்கலாம், அள்ளி அள்ளிப் போட்டு அடர்தீவனத்தைக் குறைத்த கட்டுரையில் எடை குறைந்திருக்கலாம். சண்டை இரண்டு கட்டுரைகளுக்கும் இடையே இல்லை. உலர்ந்ததா, பச்சையா, எதற்குப் பதிலாக, எவ்வளவு என்ற விவரம் பாதி வழியில் தொலைந்துபோனதுதான் சிக்கல். அசோலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீரையாக வையுங்கள், மஞ்சள் கரு நிறம் கூடும், கோழிக்கும் பொழுது போகும். புண்ணாக்குக்குப் பதிலாக மட்டும் நினைக்காதீர்கள். முருங்கைக் கீரைக்கும் இதே பேச்சுத்தான்.

“மேயும் கோழி புழு பூச்சி தின்று புரதத்தைப் பார்த்துக்கொள்ளும்” என்பது இன்னொரு நம்பிக்கை. இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் நமக்குப் பக்கத்தில். இலங்கையில் குணரத்னவும் அவருடன் வேலை செய்தவர்களும் கிராமத்தில் மேயும் கோழிகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பிரித்து எடை போட்டார்கள். 1993-இல் வெளியான அந்த ஆய்வில், தின்றதில் 72 சதவீதம் வீட்டிலிருந்து வெளியே கொட்டிய மிச்சம். புல் நுனி, சிந்திய நெல், புழு பூச்சி எல்லாம் மீதியில் அடக்கம். புழு பூச்சியின் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. மேய்ச்சல் கோழி என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் நம் அடுப்படியை நம்பியிருக்கும் கோழி. வீட்டில் ஆள் குறைந்தாலோ, சோறு மிஞ்சாத காலம் வந்தாலோ கோழியின் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து குறைகின்றன. ஒரு கொல்லை எத்தனை கோழியைத் தாங்கும் என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. கோழி இரட்டிப்பானால் மிச்சம் இரட்டிப்பாவதில்லை.

புரதத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் கலவை போடுபவர்கள் ஏமாறுவார்கள். புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கூட்டு. அதில் ஏதாவது ஒன்று குறைந்தால் மற்றவை இருந்தும் பயனில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரிசிக் குருணையில் புரதம் 8 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோ குருணை, 20 கிலோ புண்ணாக்கு கலந்தால் மொத்தத்தில் 15.4 சதவீதம் வருகிறது. அட்டவணை கேட்ட 15 வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கணக்கிட்டால் கோழிக்கு வேண்டிய 0.69 சதவீதத்தில் முக்கால் பங்குதான் தேறும். மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் பற்றாது. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் கடலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, ஆனால் லைசின் இன்னும் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். மீனில் இரண்டும் உண்டு. அதனால்தான் பழைய கலவைகளில் கடலையோடு எள்ளும் கருவாடும் சேர்ந்தே வரும். கருவாடு சேர்ப்பவர்கள் உப்பில்லாத கருவாடாகப் பார்த்து வாங்க வேண்டும், சந்தையில் சமையலுக்கு விற்கும் கருவாட்டைப் போட்டால் எச்சம் தண்ணீராகப் போகும், அளவு மீறினால் உப்பே விஷம். பச்சைச் சோயாவையும் அப்படியே போடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, சூட்டில்தான் அது போகும்.

கடலைப் புண்ணாக்கைப் பற்றிப் பேசும்போது 1960-ஐ மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் அந்த வருடம் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த பூஞ்சைக்காளானின் விஷத்துக்குத்தான் பிறகு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். வான்கோழியும் வாத்தும் சீக்கிரம் சாகும். கோழி கொஞ்சம் தாங்கும். தாங்கும் என்பதுதான் ஆபத்து. சாகாமல் ஈரல் கெட்டு, முட்டை குறைந்து, போட்ட தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். “மனுஷன் தின்ன முடியாது, கோழிக்குப் போடு” என்று பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கொட்டும் பழக்கம் நம்மிடம் வேரோடு இருக்கிறது. இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும். பூசணத்தைக் கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் விஷம் நம்பும்படி போகாது. சந்தேகமான மூட்டை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் ஒரு சோதனைச் செலவு பெரிதாகத் தெரியாது.

இனி கட்டுரை படிக்கும் விதம். பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான் கண்ணில் படும், அதோடு நிறுத்திக்கொள்ளாமல் செய்முறைப் பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கே நான்கைந்து விவரம் கிடைத்தால் போதும்: என்ன இனம், எந்த வயது, எத்தனை நாள், எத்தனை கோழி, ஒப்பிட்டுப் பார்த்த கூட்டத்துக்கு என்ன தீவனம். கடைசி விவரம்தான் பலரும் விடுவது. மூலிகைப் பொடி கலந்த கூட்டம் நன்றாக வளர்ந்தது என்றால், கலக்காத கூட்டத்துக்கு முழுமையான தீவனம் கொடுத்தார்களா, வெறும் குருணையா? வெறும் குருணையோடு ஒப்பிட்டால் எதைக் கலந்தாலும் நல்ல பலன்தான் வரும்.

எத்தனை கோழி என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நூறு கோழி என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு கூண்டில் ஐம்பது, அந்தப் பக்கம் ஒரு கூண்டில் ஐம்பது என்றால் அது நூறு சோதனை ஆகாது. ஒரு கூண்டையும் இன்னொரு கூண்டையும் ஒப்பிட்டது மட்டுமே. ஒரு கூண்டில் காற்றோட்டம் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பெருமையும் மூலிகைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு தீவனத்துக்கும் ஐந்தாறு தனித்தனிக் கூண்டுகளாவது இருந்தால்தான் நான் அந்த முடிவைப் பக்கத்து வீட்டில் சொல்வேன்.

முடிவு சரியாக இருந்து விளக்கம் தவறாக இருப்பதும் நடக்கும். இதற்குக் கோழி உலகத்திலேயே உள்ள பெரிய உதாரணம் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், இன்றைய ஜகார்த்தாவில், 1890-ஐ ஒட்டி அவர் ஆய்வகக் கோழிகளுக்குக் கால் விழுந்து தலை சாயும் நோய் வந்தது. கொஞ்ச நாளில் அதுவாகவே குணமாயிற்று. என்னவென்று தேடியபோது தெரிந்தது: நடுவில் சில மாதங்கள் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், சிப்பாய்ச் சோற்றை ஆய்வகக் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட, பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள், நோயும் போய்விட்டது. ஐக்மான் இதைச் சோதித்து உறுதி செய்தார். ஆனால் அவர் சொன்ன காரணம், வெள்ளைச் சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் முறிவு மருந்து இருக்கிறது என்பது. நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டில் உள்ள ஒரு சத்து சோற்றில் இல்லை என்று 1901-இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் சொன்னார். அந்தச் சத்துத்தான் இன்று வைட்டமின் பி1. ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே கட்டுரையில் “என்ன செய்தோம், என்ன வந்தது” என்ற பகுதியையும் “ஏன் வந்திருக்கலாம்” என்ற பகுதியையும் தனியாக வைத்துப் படியுங்கள். முதல் பகுதியைத் தைரியமாகப் பகிருங்கள். இரண்டாவதை “இருக்கலாம்” சேர்த்தே சொல்லுங்கள்.

கூண்டில் அடைத்து ரேஷன் பச்சரிசியை மட்டும் போட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கதை இன்றும் பொருந்தும். ஆனால் தலை திருகும் கோழியைப் பார்த்ததும் வைட்டமின் குறைவு என்று சொல்லிவிட வேண்டாம். வெள்ளைக் கழிச்சலிலும் தலை திருகும். தடுப்பூசி போட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பௌல்ட்ரி சயின்ஸ் என்ற பெரிய இதழ் 2020 முதல் முழுக்க இலவசம். லைவ்ஸ்டாக் ரிசர்ச் ஃபார் ரூரல் டெவலப்மென்ட் என்ற இதழ் 1989-லிருந்து வருகிறது, காசு கேட்காது, நம்மைப் போன்ற சிறு வளர்ப்பாளர்களின் கோழிகளைப் பற்றித்தான் அதில் நிறைய. ஆங்கிலமும் கடினமாக இருக்காது. அசோலா, கம்பு, இலுப்பைப் புண்ணாக்கு என்று ஒரு பொருளைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஃபீடிபீடியா என்ற இணையதளத்துக்குப் போங்கள், பச்சையிலும் உலர்ந்ததிலும் எவ்வளவு சத்து, கோழிக்கு எவ்வளவு வரை கலக்கலாம் என்று ஒரே பக்கத்தில் இருக்கும். நம் வேளாண், கால்நடைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் தளத்தில் கிடக்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அசீல், நந்தனம், வனராஜா என்று நம் ஊரில் திரியும் கோழிகளைப் பற்றித் தேட அதுதான் சரியான இடம்.

பகிரும்போது கட்டுரையை முழுக்க மொழிபெயர்க்காதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள், உரிமைச் சிக்கலும் வரும். இணைப்பைக் கொடுத்துவிட்டு உங்கள் வார்த்தையில் ஐந்தாறு வரி எழுதுங்கள். உதாரணத்துக்கு, மேலே சொன்ன கால்சியம் விஷயத்தை நான் இப்படி அனுப்புவேன்:

“முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கால்சியம் வேண்டும். இது தினமும் முட்டையிடும் லெக்ஹார்ன் கணக்கு, நம் கோழிக்கு இதைவிடக் குறைவு. கிளிஞ்சலைக் குருணை அளவுக்கு உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள், தீவனத்தில் கலக்க வேண்டாம். கோழி சாயங்காலத்தில்தான் அதிகம் எடுக்கும், அதனால் பொழுது சாயும்போது சட்டி காலியாக இருக்கக் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்.”

எந்தக் கோழி, எவ்வளவு கிராம், எப்படி வைப்பது, யாருக்குக் கூடாது. இவ்வளவு இருந்தால் அந்தச் செய்தி பத்துக் கை மாறினாலும் பெரிதாகக் கெடாது.

ஒரு வகைக் கட்டுரையை மட்டும் நீங்களே படித்து வைத்துக்கொள்ளுங்கள், பகிராதீர்கள். 1950-ஐ ஒட்டி, பி12 சத்தைத் தேடிக் குஞ்சுகளிடம் சோதனை செய்தபோது, தீவனத்தில் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் சேர்த்தால் குஞ்சு வேகமாக வளர்கிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு வளர்ச்சிக்காக மருந்து கலக்கும் கட்டுரைகள் குவிந்தன. அவை இன்னும் இணையத்தில் இருக்கின்றன, எண்களும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அதை நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினைக் கோழிக்கும் மற்றக் கால்நடைகளுக்கும் பயன்படுத்துவதை இந்தியா 2019-இல் தடை செய்தது. தீவனத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு மருந்து அளவுக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிட்டு, கோழியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகச் சொல்லுங்கள். செத்த கோழியாக இருந்தாலும் அன்றைக்கே கொண்டு போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள்.